தோண்டியவர் வைத்த பெயர்

ஒரு செடிக்கு அதன் வேரையோ கிழங்கையோ வைத்துப் பெயர் வந்திருந்தால் ஒன்று நிச்சயம். யாரோ ஒருவர் அதை மண்ணிலிருந்து முழுசாக எடுத்து, கழுவி, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். இலையைப் பார்த்துப் பெயர் வைக்க வழிப்போக்கன் போதும். பூவைப் பார்த்துப் பெயர் வைக்கப் புலவன் போதும். ஓரிலைத்தாமரை, எலிக்காதிலை, யானைநெருஞ்சி எல்லாம் நின்றபடியே வைத்த பெயர்கள். கலப்பைக்கிழங்கும் நிலப்பூசணியும் குனிந்து, முட்டிபோட்டு, நகக்கண்ணில் மண் ஏற வைத்த பெயர்கள்.

நான் நாடுகாணிக்காரி. பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நீலகிரி என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வரும் குளிர், கேரட், ரோஜாப்பூங்கா எதுவும் எங்கள் பக்கம் கிடையாது. கூடலூரிலிருந்து நிலம்பூருக்கு இறங்கும் சாலையில், சுரம் என்கிற மலைப்பாதை ஆரம்பிக்கிற இடம் எங்கள் ஊர். பலா, பாக்கு, மிளகு, தேயிலை, நடுநடுவே காடு. தென்மேற்குப் பருவமழை அரபிக்கடலிலிருந்து ஏறி வந்து நேராக எங்கள் கூரையில்தான் கொட்டும். ஜூன், ஜூலையில் வானிலைச் செய்தி கேட்பவர்களுக்குப் பக்கத்து ஊரான தேவாலாவின் பெயர் பழக்கமாகியிருக்கும். இத்தனை மழை குடித்த மண்ணில் கிழங்குக்குப் பஞ்சமில்லை. தோண்டுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. 1880களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தேவாலா, பந்தலூர் மலைகளைத் தங்கத்துக்காகக் குடைந்து தள்ளின. லண்டனில் பங்கு விற்றார்கள். கிடைத்த தங்கம் செலவுக்கே காணாமல் மூட்டை கட்டிவிட்டுப் போனார்கள். அதே மண்ணில் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி வயிறு நிறைந்திருக்கிறார்கள். தோண்டத் தெரிந்தவர் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் கலப்பைக்கிழங்கு. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளின் அடியில் இருப்பது இதுதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது காந்தள். சங்கப்புலவர்களுக்கு அந்தப் பூவைப் பார்த்தால் பெண்ணின் விரல்தான் நினைவுக்கு வரும். அவர்கள் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். கீழே பார்த்தவன் உழவன்.

அந்தக் கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டாம். உருண்டையாகவோ முட்டை வடிவிலோ இருக்காது. விரல் பருமனில் இரண்டு கை. இரண்டும் ஒரு முனையில் சேர்ந்து வளைந்திருக்கும். ஒரு கை நீளம், மற்றது பெரும்பாலும் குட்டை. மேழியும் ஏர்க்காலும் சேரும் அதே கோணம். சமஸ்கிருதத்திலும் இதை லாங்கலி என்றார்கள். அதற்கும் கலப்பை என்றுதான் பொருள். வெளித்தோல் வெளிர்பழுப்பு, உடைத்தால் உள்ளே வெள்ளை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் உண்டு. அந்த நுனி உடைந்தால் அந்தக் கை முளைக்காது. உருளைக்கிழங்கைப் போல நாலாக வெட்டி நட்டுவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. முதல் மழைக்கு முளைவிட்டுக் கொடி மேலேறும்போது பழைய கலப்பை தன் சத்தையெல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகும். அடியில் புதிய கலப்பை உருவாகும். வருஷா வருஷம் இதே கதை.

எங்கள் ஊர் மலையாளிகள் இதை மேந்தோன்னி என்பார்கள். என் அம்மா நியங்கலா என்பாள். அது சிங்களப் பெயர். எங்கள் குடும்பம் 1964-ம் வருஷத்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்தப் பக்கத்து டேன்டீ அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்து சேர்ந்தார்கள். வந்த முதல் மழைக்காலத்தில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் வேலியில் அந்தச் சிவப்புப் பூவைப் பார்த்ததும் அம்மா பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்ன முதல் பாடம்: "இது நியங்கலா. கிழங்கக் கையில தொட்டா கையக் கழுவு. வாயில வச்சா ஆள் இல்ல."

அம்மா மிகைப்படுத்தவில்லை. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் நிறையவே பதிவு செய்திருக்கிறார்கள். இதில் இருப்பது கொல்சிசின் என்ற நஞ்சு. சாப்பிட்டதும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் தொண்டை எரிச்சல், வாந்தி, நிற்காத பேதி என்று தொடங்கும். உடம்பில் செல்கள் பிரிந்து பெருகுவதையே அந்த நஞ்சு நிறுத்திவிடுகிறது. அதனால் வேகமாகப் பெருகும் செல்கள் உள்ள இடங்கள் முதலில் அடிபடுகின்றன: குடல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர்க்கால். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருக்கிறது.

அதே கொல்சிசின்தான் கீல்வாதத்துக்கு மருந்து. 1820-ல் பெல்லத்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதன் ஐரோப்பிய உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். நம் காந்தளிலும், குறிப்பாக விதையில், அது கணிசமாக இருப்பது தெரிந்த பிறகு மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் இதைக் கம்பிப்பந்தல் போட்டுப் பயிராகவே வளர்க்க ஆரம்பித்தார்கள். காலையில் விவசாயிகள் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டுவைப்பார்கள். இல்லாவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. சாகுபடி பரவியபோது நடுவதற்கு வேண்டிய விதைக்கிழங்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் கசப்பான பகுதி. நிறைய கிழங்கு காட்டிலிருந்துதான் வந்தது.

இங்கே ஒரு வாத்தியார் வேலை பாக்கியிருக்கிறது. வேர் வேர் என்று நான் சொன்னாலும் கலப்பைக்கிழங்கு கண்டிப்பான தாவரவியலில் வேர் அல்ல, தண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? சமையலறைக்குப் போய் ஓர் இஞ்சித் துண்டை எடுங்கள். மேலே வளையம் வளையமாகக் கணு, காய்ந்த செதில், அங்கங்கே முளை. கணுவும் மொட்டும் இருந்தால் அது மண்ணுக்குள் வாழும் தண்டு. முள்ளங்கியிலும் சர்க்கரைவள்ளியிலும் கணு கிடையாது, அவை வேர். காட்டுக்கவலைக் கிழங்கு விஷயத்தில் தாவரவியலாளர்களுக்குள்ளேயே வழக்கு ஓடுகிறது, அதற்குள் நாம் போக வேண்டாம். பெயர் வைத்த மனிதர்கள் இந்தப் பாகுபாட்டைப் பார்க்கவில்லை. கீழே இருந்தால் வேர் அல்லது கிழங்கு, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையிலும் அதே நியாயம்.

அடுத்தது கீழேகூட இருக்காது, மரத்தின் மேலே இருக்கும். முடவாட்டுக்கால். கொல்லிமலைக்குப் போனவர்கள் சோளக்காட்டுச் சந்தையிலும் ஆகாயகங்கை போகிற வழியிலும் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; சூப் வைத்தும் விற்பார்கள். எங்கள் பக்கம் பலாமரக் கவட்டையிலும் ஈரப்பாறையிலும் இது சாதாரணமாக ஒட்டியிருக்கும். கிழங்கு என்கிறோம், உண்மையில் அது ஒரு பெரணியின் படர்தண்டு. அதைப் பார்த்தால் சைவக்காரர்கள் ஒரு நொடி பின்வாங்குவார்கள். கட்டைவிரலைவிடப் பருமனாக, மூட்டு மூட்டாக வளைந்து, மேலெல்லாம் பழுப்பு நிற மயிர். அறுத்துப் போட்ட ஆட்டின் கால் என்று சத்தியமே செய்யலாம். மயிரைச் சுரண்டினால் உள்ளே இளம்பச்சை.

செடியும் கெட்டிக்காரச் செடி. மண் இல்லாத இடத்தில் வாழ்வதால் மண்ணைத் தானே செய்துகொள்கிறது. இரண்டு விதமான இலை விடும். ஒன்று நீளமான பச்சை இலை, சாதாரணமாக வேலை பார்ப்பது. இன்னொன்று அடியில் மரத்தோடு ஒட்டி விரியும் குட்டை இலை. அது சீக்கிரமே காய்ந்து பழுப்பாகிவிடும், ஆனால் உதிராது. மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் அது ஏந்திப் பிடித்து, மட்க வைத்து, ஆட்டுக்காலுக்குச் சோறு போடும். வீடு கட்டுகிற இலை ஒன்று, சம்பாதிக்கிற இலை ஒன்று.

பெயருக்கு இரண்டு கதை உண்டு. முடமான ஆட்டின் காலைப் போல இருப்பதால் என்பார்கள் சிலர். முடவனையும் ஆட வைக்கும் கால் என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது கதைதான் வியாபாரத்துக்கு ஏற்றது. யூடியூபில் ஓடுவதும் அதுதான். ஆனால் இரண்டு கதையும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. கால் மாதிரி இருக்கிறது, ஆகவே காலுக்கு நல்லது. மூட்டு மாதிரி இருக்கிறது, ஆகவே மூட்டுவலிக்கு நல்லது.

இப்படி நினைத்தது நாம் மட்டும் இல்லை. 16-ம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் இதை ஒரு கொள்கையாகவே பேசினார்: ஒவ்வொரு செடியின் மேலும் அதன் பயனை இயற்கை கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறது, படிக்கத் தெரிந்தால் போதும். மத்தியதரைக்கடல் நாடுகளில் மாண்ட்ரேக் என்ற செடியின் வேர் இரண்டாகப் பிளந்து மனிதக் கால்களைப் போல இருக்கும். பிடுங்கினால் அலறும், கேட்டவன் செத்துப்போவான் என்று பயந்து, நாயின் வாலில் கட்டிப் பிடுங்க வைத்தார்களாம். சீனாவில் ஜின்செங், அந்தப் பெயரிலேயே மனிதன் இருக்கிறான். மனித உருவம் தெளிவாக இருக்கிற வேருக்கு இன்றைக்கும் தனி விலை. சீனாக்காரனும் கிரேக்கனும் கொல்லிமலைக்காரனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. தோண்டி எடுத்ததைப் பார்த்ததும் மூவரும் நினைத்தது ஒன்று.

முடவாட்டுக்காலில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் மிளகு, சீரகம் தட்டிப்போட்டு சூப் வைப்போம். குடித்தால் இதமாகத்தான் இருக்கும். ஆட்டுக்கால் போல இருப்பது அதற்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஆர்க்கிட் பற்றிச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் சொல்ல முடியாமல் பல வருஷம் விழுங்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன். நாடுகாணியில் வனத்துறையின் ஜீன்பூல் பூங்கா இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஆர்க்கிட் செடிகளைப் பார்த்ததும் யாராவது ஒரு வாயாடிப் பெண் கேட்பாள், "டீச்சர், ஆர்க்கிட்டுன்னா என்ன டீச்சர்?" கிரேக்கச் சொல் என்று சொல்லிவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிடுவேன். கிரேக்கத்தில் அது ஆண்களின் விரையைக் குறிக்கும் சொல். தாவரவியலின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் வரும் தியோஃபிராஸ்டஸ், கிறிஸ்து பிறப்பதற்கு முன்னூறு வருஷம் முன்பே இந்தப் பெயரை எழுதிவைத்துவிட்டார். மரத்தில் தொங்கும் ஆர்க்கிட்டைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. தரையில் முளைக்கும் ஆர்க்கிட்டைப் பிடுங்கினால் அடியில் இரட்டைக் கிழங்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று சுருங்கியது, ஒன்று கொழுத்தது. சுருங்கியது இந்த வருஷத்துப் பூவுக்குச் சோறு போட்டு ஓய்ந்தது. கொழுத்தது அடுத்த வருஷத்துக்கான சேமிப்பு. நம் நீலகிரிப் புல்வெளிகளிலும் மழைக்காலத்தில் இப்படிப்பட்ட தரை ஆர்க்கிட்கள் பூக்கும்.

உருவம் இப்படி இருந்தால் நம்பிக்கை எங்கே போகும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. கிரேக்கத்தில் ஆண்மைக்கு என்றார்கள். நம் நாட்டு மருந்துக்கடைகளில் ஆர்க்கிட் கிழங்கு சாலாமிசிரி என்ற பெயரில் அதே காரியத்துக்கு விற்கிறது. துருக்கியில் அதை மாவாக்கி ஐஸ்கிரீமில் சேர்க்கிறார்கள். இழுத்தால் நூலாக வரும் அந்த ஐஸ்கிரீம் மராஷ் நகரத்தின் பெருமை. ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்கு வேண்டும். ஒவ்வொரு கிழங்கும் ஒரு செடி. துருக்கி அரசு கடைசியில் ஏற்றுமதியைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்விட்டான் கிழங்கின் இன்னொரு பெயர் சதமூலி, நூறு வேர் உடையவள். முள்கொடி மேலே ஊசி ஊசியாக மெலிந்து நிற்கும். அடியில் தோண்டினால் விரல் விரலாக வெள்ளைக் கிழங்குகள் ஒரே குவியலாக இறங்கியிருக்கும். எண்ணிப் பார்த்துத்தான் நூறு என்றார்களா தெரியாது. முதிர்ந்த செடியில் அந்தக் கணக்கு பொய்யில்லை. நிலப்பூசணி ஒரு காட்டுக்கொடி. பூவைப் பார்த்தால் சர்க்கரைவள்ளியின் சொந்தம் என்று தெரியும். அடியில் மண்ணுக்குள் பூசணியளவு கிழங்கு. மலையாளத்தில் பால்முதுக்கு; வெட்டினால் பால் வடியும்.

ஆகாசக்கருடன் எங்கள் மழைக்காட்டுச் சரக்கு இல்லை, சமவெளியின் வறண்ட நிலத்துக் கிழங்கு. கூடலூர்ச் சந்தைக்கு வியாபாரிகள் கொண்டுவருவார்கள். மஞ்சள் பூசி, கறுப்புக்கயிறு கட்டி, வாசல் நிலையில் தொங்கவிடுவார்கள். மூக்கும் கழுத்தும் விரித்த சிறகுமாகக் கருடன் தெரியும் என்பார்கள். எனக்குப் பாதி நாள் கருடன் தெரியும். பாதி நாள் பருத்த முள்ளங்கிதான் தெரியும். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியபடியே அது துளிர்விடுவதைத்தான் ஜனங்கள் அதிசயமாகப் பார்க்கிறார்கள். அதிசயம் எதுவும் வேண்டாம். வறட்சியில் மாதக்கணக்கில் காத்திருக்கப் பழகிய கிழங்கு அது. உள்ளே சேர்த்துவைத்த மாவையும் நீரையும் செலவழித்துத் துளிர்க்கிறது. கையிருப்பு தீர்ந்ததும் வாடிவிடும். வீட்டுக்காரர்கள் அதைத் திருஷ்டி கழிந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

சடாமாஞ்சில் இமயமலையில், மூவாயிரம் மீட்டருக்கு மேலே வளர்வது. ஆனால் அது இல்லாத நாட்டு மருந்துக்கடை தமிழ்நாட்டில் கிடையாது. பழைய இலைக்காம்புகளின் நார் கிழங்கைச் சுற்றிச் சடை பிடித்து, சாமியாரின் சடாமுடி மாதிரியே இருக்கும். முடி மாதிரி இருப்பதால் முடி எண்ணெயில் போடுகிறோம். பாராசெல்சஸ் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எங்கள் ஊர்ச் சர்ச்சில் பெரிய வியாழனை ஒட்டி வாசிக்கும் பகுதியில் இயேசுவின் பாதத்தில் மரியாள் பூசிய நளதத் தைலம் வருமே, அதுவும் இந்தச் சடாமாஞ்சில் எண்ணெய்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இமயமலையிலிருந்து பாலஸ்தீனம் வரை போயிருக்கிறது. இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கும் செடிகளோடு நிற்கிறது.

சர்ப்பகந்தியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழில் சிவன் அமல்பொடி, மலையாளத்தில் அமல்பொரி. முழங்கால் உயரச் செடி, வெள்ளையும் சிவப்பும் கலந்த சின்னப் பூங்கொத்து. அழகு என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேர்தான் பெயர் வாங்கிக்கொடுத்தது. நெளிந்து நெளிந்து போகும் பாம்பு. லத்தீன் பெயரிலும் பாம்பு இருக்கிறது. ஆகவே பாம்புக்கடிக்கு மருந்து என்று நாடு முழுக்க நம்பினார்கள். எங்கள் பக்கத்தில் தேயிலைக்குள் கொழுந்து பறிக்கிற பெண்களைப் பாம்பு கடிப்பது உண்டு. இன்னும் யாராவது ஒருவர் "அமல்பொரி வேர அரைச்சுக் குடு" என்பார். வேண்டாம். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசி ஒன்றுதான் மருந்து. அரைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஜீப் பிடித்துக் கூடலூர் போய்விடலாம்.

ஆனால் அந்த வேரில் வேறு ஒன்று இருந்தது. வட இந்தியாவில் மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் அதைக் கொடுத்துவந்தார்கள். 1931-ல் டெல்லியில் வேதியியலாளர் சலிமுஸ்ஸமான் சித்திகி அதிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்து, ஒன்றுக்கு யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். 1949-ல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைத் தன் நோயாளிகளிடம் சோதித்து பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை என்று ஒன்று கையில் கிடைத்த ஆரம்பகாலம் அது. பெயர் ஒன்றைக் காட்டியது, மருந்து வேறொன்றில் இருந்தது. உருவத்தைப் பார்த்து நம்பியவர்கள் பாம்பைத் தேடினார்கள். நோயாளியைப் பார்த்துக் கவனித்தவர்கள்தான் மருந்தைக் கண்டுபிடித்தார்கள்.

அதற்குப் பிறகு வேருக்கு வந்த கிராக்கியில் காடுகளில் சர்ப்பகந்தி துடைத்தெடுக்கப்பட்டது. இப்போது காட்டிலிருந்து எடுத்து ஏற்றுமதி செய்யத் தடை. எங்கள் காட்டோரத்தில் என் சின்ன வயதில் பார்த்த இடங்களில் இப்போது காண்பதில்லை.

இதுதான் எனக்குச் சொல்ல இருப்பது. இலைக்குப் பெயர்போன செடியின் இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். காய்க்குப் பெயர்போனதில் காயைப் பறித்தால் அடுத்த வருஷம் காய்க்கும். வேருக்குப் பெயர்போன செடியின் வேரை எடுத்தால், செடி அன்றோடு சரி. பெயரே அதற்கு எமன்.

ஆனால் தோண்டுவதிலும் ஒரு முறை உண்டு. எங்கள் வீட்டுக்குக் கீழே பணியர் குடியிருப்பில் ஓர் அக்கா இருக்கிறார். மழை ஓய்ந்து கொடிகள் காயும் காலத்தில் பாரையும் கூடையுமாகக் கிழங்கு தோண்டப் போவார். கவலை, நூறான், நாரா என்று அவருக்குக் கிழங்கு வகை எத்தனையோ தெரியும். கொடி காய்ந்து இலை உதிர்ந்த பிறகும் தண்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்ததுதான்: காட்டுக்கவலை இனங்களில் சில வலப்பக்கம் சுற்றி ஏறும், சில இடப்பக்கம் சுற்றும். அவரிடம் இதைச் சொன்னேன். "அது கண்ணில்லாதவனுக்கும் தெரியுமே டீச்சரே, கையால தடவினாப் போதும்" என்றார்.

ஒரு தடவை கூடவே போய்ப் பார்த்தேன். கொடி இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளித் தோண்ட ஆரம்பித்தார். இடுப்பளவு ஆழம் போனதும் கிழங்கு பக்கவாட்டில் தெரிந்தது. செங்குத்தாக இறங்கியிருந்தது. அடியிலிருந்து முக்கால் பங்கை உடைத்து எடுத்தார். கொடி ஒட்டியிருந்த மேல்தலையைத் தொடவில்லை. குழிக்குள் மண்ணைத் தள்ளி, மட்கிய சருகு போட்டு, காலால் லேசாக மிதித்துவிட்டு எழுந்தார். "தலைய விட்டுடணும் டீச்சரே. இல்லேன்னா அடுத்த கொல்லம் எதத் தோண்டுறது?" கொல்லம் என்றால் வருஷம். இளகிய மண்ணில் அடுத்த வருஷக் கிழங்கு சுலபமாக இறங்கும்; ஆகவே அதே குழிக்கு அவர் திரும்பி வருவார். கந்தபுராணத்தில் வள்ளி கிடைத்தது வேடர்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில்தான். காட்டில் வாழ்ந்தவர்களுக்குக் கிழங்குக்குழி எவ்வளவு நெருக்கமான இடம் என்பது அந்தக் கதையிலேயே இருக்கிறது.

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு இந்தச் சிறு வனமகசூல் உரிமையைக் கொடுத்திருக்கிறது. காட்டைக் காலி செய்வது அவர்கள் இல்லை. டன் கணக்கில் கேட்டு, கிலோவுக்கு இத்தனை என்று முன்பணம் கொடுத்து, ஆள் வைத்துச் சுரண்டி எடுக்கிற வியாபாரம். அந்த ஆட்களுக்குத் தலையை விட்டுவைக்க நேரமும் கிடையாது, அடுத்த வருஷம் அதே இடத்துக்கு வரும் உத்தேசமும் கிடையாது. முடவாட்டுக்காலை நுனிமுளையோடு பாறையிலிருந்து மொத்தமாக உரித்தெடுக்கிறார்கள். அந்த இடத்தில் சருகு சேர்ந்து மறுபடி ஒரு செடி பிடிக்க எத்தனையோ மழைக்காலம் வேண்டும்.

அந்த வியாபாரத்தின் மறுமுனையில் நிற்பது வாங்குகிற நாம். சதமூலியும் சர்ப்பகந்தியும் தோட்டத்தில் நன்றாக வளர்பவை. நாற்றங்கால்களில் கன்று கிடைக்கிறது, பயிராக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். முடவாட்டுக்காலைக்கூட நுனியை விட்டு அளவாக வெட்டி எடுக்கலாம். ஆகவே அடுத்த தடவை நாட்டு மருந்துக்கடையிலோ மலைப்பாதைக் கடையிலோ ஒரு வேரைக் கையில் எடுக்கும்போது, விலை கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது விளைஞ்சதா, தோண்டினதா?" பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.